வாங்க மேஸ்ட்ரோ, சௌக்கியமா

இத்தாலியில் எங்கள் ஊர் ஓபரா அரங்கின் மேல்மாடிக்குப் போக நூற்றுப் பதினொரு படிகள் ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது, முதுகு சாய இடம் கிடையாது, வெறும் மரப்பெஞ்சு. கீழே பட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது என்பது மாடிக்காரர்களின் தீர்மானம். அது ஓரளவு உண்மையும்தான். முடி வெட்டுகிறவர், பன்றித்தொடைக்கு உப்புப் போட்டுப் பதப்படுத்துகிறவர், தபால்காரர் என்று சகல தொழிலும் அங்கே உண்டு. ஒவ்வொருவருக்கும் நாற்பது ஓபரா மனப்பாடம். பாடகி ஒரு சுரம் இறங்கிவிட்டால் சீழ்க்கை பறக்கும். பாடகன் மூச்சுத் திணறினால், “அண்ணே, ஜன்னலைத் திறக்கட்டுமா?” என்று குரல் வரும். இதெல்லாம் சில்லறை. மாடியின் நிஜ ஆயுதம் தொப்பி.

புது ஓபராவில் எங்காவது பழைய பாட்டின் சாயல் தட்டுப்பட்டால் மாடியில் ஒருவர் எழுந்திருப்பார். தொப்பியை எடுப்பார். மேடையைப் பார்த்துக் குனிந்து, “வாங்க மேஸ்ட்ரோ, சௌக்கியமா?” என்பார். மேஸ்ட்ரோ என்றால் எங்களுக்கு ஒருவர்தான், எங்கள் ஊரிலேயே பிறந்து ஓபரா எழுதிய இசை மேதை. செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாசலில் மார்பளவுச் சிலையாக நிற்கிறார். கிழவர் என்று செல்லமாகச் சொல்வோம். புதுசு எழுதினவன் திருடிய பாட்டுக்குள்ளே கிழவர் நடந்து வருகிறார், எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்று அந்த வணக்கத்துக்கு அர்த்தம். வணக்கம் வாங்கிய ஓபரா இரண்டாம் நாள் மேடை ஏறியதில்லை.

தெல்ஃபீனாவுக்கு அந்த வணக்கம் கிடைத்தபோது வயது இருபத்தொன்பது.

வெள்ளத்தில் மகனைத் தொலைத்துவிட்டு ஆறு முழுக்கத் தேடுகிற ஒரு படகுக்காரியைப் பற்றிய ஓபரா அது. நான்கு வருஷம் சோறு தண்ணி மறந்து எழுதியது. ஆறு வயதில் முதன்முதலாக ஓபரா கேட்ட அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. மற்றப் பெண்கள் கல்யாணத்தைக் கனவு கண்ட வயதில் இவள் இரண்டாம் அங்கத்தின் முடிவைக் கனவு கண்டாள். அந்த இரண்டாம் அங்கத்தில் படகுக்காரிக்கு ஒரு பாட்டு. துடுப்பு போடுகிற மாதிரி ஏறி இறங்கும் முதல் அடி. ஒரு மூச்சு வாங்கும் இடம். பிறகு இரண்டாவது அடி. மகன் இனி இல்லை என்பது அவளுக்குத் தெரியவருவது அந்த இரண்டாவது அடியில்தான்.

முதல் அடி முடிந்தது. பாடகி மூச்சு வாங்கினாள். அந்த ஒரு நொடிக்குள் மாடியிலிருந்து குரல் விழுந்தது. “வாங்க மேஸ்ட்ரோ, சௌக்கியமா?”

சொன்னவர் எர்மெஸ். பன்றித்தொடை வியாபாரி, மாடிக்கே தலைவர் மாதிரி. அவர் மூக்கும் காதும் தப்பு செய்யாது என்று ஊரில் பேர். ஒருவர் தொப்பி எடுத்தால் நாற்பது பேர் எடுப்பார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாட்டுக்கும் வணக்கம். பாடகி அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். இரண்டாவது அடியை அன்று யாரும் கேட்கவில்லை. என்றைக்குமே யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அரங்க மேனேஜர் அவள் தோளைத் தட்டி, “நீ பியானோ நல்லா வாசிக்கிறியேம்மா” என்றார். அந்தத் தட்டலில் இருபத்தாறு வருஷம் போயிற்று. ஒத்திகைகளுக்குப் பியானோ வாசித்தாள். மற்றவர்களின் ஓபராக்களைப் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் தொடர்ந்து எழுதினாள். அலமாரியில் ஏழு ஓபரா முழுசாக இருந்தன, ஒருவர் கண்ணிலும் படாமல். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய வீட்டின் வாசலிலேயே பெருக்கிக்கொண்டிருப்பதை மானம் கெட்ட பிழைப்பு என்று சொல்லலாம். காதல் என்றும் சொல்லலாம். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வருஷத்துக்கு ஒரு புது ஓபரா போட்டே ஆக வேண்டும் என்று நகரசபை உத்தரவு. போன வருஷம் வந்த புதுசில் குளிர்சாதனப் பெட்டிகளைச் சுத்தியால் அடித்து அதுதான் இசை என்றார்கள். சிரித்துச் சிரித்து மாடியில் ஒருவருக்குப் பல்செட் கழன்று கீழே விழுந்தது. இந்த வருஷம் இப்போதைய மேனேஜர் உஷாராகிவிட்டார்.

தெல்ஃபீனாவின் பியானோ மேல் தடித்த சுரத்தாள் கட்டு ஒன்றை வைத்தார். “ராகம் இருக்கு, நம்ம ஊர்க்காரர் எழுதினது. பல வருஷமா ரகசியமா எழுதியிருக்காராம். பாட்டு மட்டும்தான் எழுதத் தெரியும். வாத்தியங்களுக்குப் பிரிச்சு எழுதணும். உன்னை விட்டா யாரு?”

“யாரு எழுதினது?”

“எர்மெஸ்.” மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். “பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா.”

அன்று மாலை வீட்டில் அதைப் புரட்டினாள். ஒரு கோமகள், ஒரு குதிரைவீரன், ஒரு விஷக்கோப்பை. இத்தாலியில் விஷமில்லாமல் பந்தியே பரிமாறமாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும் கதை. பக்கத்துக்குப் பக்கம் கிழவரின் எலும்பும் தோலும். அவளே நாலைந்து இடத்தில் சிரித்துவிட்டாள். இரண்டாம் அங்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

கோமகளின் பாட்டு. துடுப்பு போடுகிற மாதிரி முதல் அடி. மூச்சு. இரண்டாவது அடி.

எழுந்து போய் அலமாரியைத் திறந்து, தன் படகுக்காரியின் பழைய சுரத்தாள் கட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அரைச் சுரம் இறக்கியிருந்தது. மற்றபடி அச்சு அசல். பெற்ற பிள்ளையை இருபத்தாறு வருஷம் கழித்து இன்னொருத்தன் வீட்டுச் சட்டையில் பார்த்தால் எப்படி இருக்கும்? அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அந்தப் பிள்ளையின் அழகுதான் முதலில் கண்ணில் பட்டது. கோபம் பிறகு வந்து உட்கார்ந்தது.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. அன்று எர்மெஸ் கேட்டது முதல் அடி மட்டும்தானே. இரண்டாவது அடி அவருக்கு எப்படித் தெரியும்?

கேட்க நேரே போனாள். அவருடைய தொடைக்கிடங்கு ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தது. நீண்ட கூடம், ஒரு பக்கம் முழுக்க ஒடுக்கமான உயர்ந்த ஜன்னல்கள், உத்தரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் தொங்கும் தொடைகள். எழுபத்து மூன்று வயதிலும் எர்மெஸ்தான் சோதிப்பார். குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையில் ஐந்து இடத்தில் குத்துவார், ஒவ்வொரு முறையும் மூக்கருகில் கொண்டுபோவார். நல்லதா கெட்டதா என்று ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்.

“வாம்மா தெல்ஃபீனா! மூக்கைப் பொத்தாதே, இது காசு வாசனை.” ஊசியைக் கீழே வைத்தார். “படிச்சியா? உண்மையைச் சொல்லு. தேறுமா?”

“கிழவர் அங்கங்க எட்டிப் பாக்குறாரு, ஐயா.”

எர்மெஸ் முகம் சுண்டிவிட்டது. “தெரியும். அறுபது வருஷம் கேட்டவன் மண்டையில வேற யாரு இருப்பா? ஆனா ஒண்ணு இருக்கு பாரு, ரெண்டாம் அங்கத்துல, கோமகள் பாட்டு. அது என்னோடது. அதுக்காகத்தான் மீதியையே எழுதினேன். செத்தா அது நிக்கணும். எர்மெஸ்னு ஒருத்தன் தொடைக்கு ஊசி மட்டும் குத்தலைன்னு ஊருக்குத் தெரியணும்.”

“அது எப்ப தோணுச்சு?”

கிழட்டு முகத்தில் வெளிச்சம் வந்தது. “ஒரு செப்டம்பர் மாசம்மா. காய்ஞ்ச காத்து. ஜன்னல் எல்லாம் திறந்து போட்டிருந்தேன். ஊசியைக் குத்தி மூக்குக்கிட்ட கொண்டுபோறேன், காத்தோட காத்தா வருது பாட்டு. மூணு வாரம் தினம் வந்துச்சு, வேலை மும்முரத்துல காது கொடுக்கல. அப்புறம் மறந்தே போச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல எழுந்து பல் தேய்க்கிறேன், முழுசா வாயில நிக்குது.”

“எந்த வருஷ செப்டம்பர்?”

“எம்பொண்ணு கல்யாணம் முடிஞ்ச வருஷம். ஏன்?”

தெல்ஃபீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். குறுகிய தெரு. எதிரே மூன்றாம் மாடியில் பச்சைக் கதவு போட்ட அறை. எர்மெஸ் மகளின் கல்யாணமும் படகுக்காரி மேடை ஏறியதும் ஒரே வருஷம். அந்த செப்டம்பரில் அவளுடைய படகுக்காரியாக நடித்த பாடகிக்கு அரங்கம் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த அறை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று வாரம் சாதகம் செய்தாள். சொல்லிக்கொடுக்க தெல்ஃபீனாவே தினமும் அங்கே போயிருக்கிறாள்.

சோற்றுக்குள் கல் மாதிரி உண்மை பல்லில் பட்டது. அக்டோபரில், படகுக்காரி மேடை ஏறிய அன்று, மாடியில் உட்கார்ந்திருந்த எர்மெஸுக்கு அந்தப் பாட்டு தெரிந்த முகமாகப் பட்டிருக்கிறது. எங்கே கேட்டோம் என்று ஞாபகம் இல்லை. தெரிந்த பாட்டு, அதுவும் நல்ல பாட்டு என்றால் அது கிழவருடையதாகத்தான் இருக்க வேண்டும். தொப்பியை எடுத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கும் வராத பிழை. அவளிடமிருந்து கேட்டதை வைத்தே அவளைத் திருடி என்றார். அதையே பிறகு தன்னுடையது என்றும் நம்பினார். இரண்டு முறையும் மனசார.

“ஐயா,” என்றாள். “அன்னிக்கு என்னோட எந்தப் பாட்டுக்கு வணக்கம் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

எர்மெஸ் சிரித்தார். அடுத்த தொடையில் ஊசியைக் குத்தினார். “அதை யாரு ஞாபகம் வெச்சுக்குவா? கெட்டுப்போன தொடையைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். மூஞ்சியா பாத்துட்டிருப்பேன்?”

இந்த ஒரு வார்த்தை வராதிருந்தால் அவள் அங்கேயே சொல்லியிருப்பாள். கிழவன், பாவம், என்று விட்டுக்கொடுத்தும் இருப்பாள். கெட்டுப்போன தொடை என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

பழைய கட்டைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் போட்டிருக்கலாம். தேதியிட்ட கையெழுத்து இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கிடைக்கிற நியாயம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மாடியில் பறிபோனது மாடியில்தான் திரும்பி வர வேண்டும். கோமகள் முதல் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது அவள் எழுந்திருப்பாள். “வாங்க தெல்ஃபீனா, சௌக்கியமா?” என்பாள். கையில் பழைய கட்டு இருக்கும். அத்தனை பேர் முன்னால் எர்மெஸின் மூக்கு அறுபடும்.

நாலு மாதம் எழுதினாள். மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் ஏனோதானோ என்று வாத்தியம் பிரித்தாள். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இத்தனை வருஷம் கற்றதையெல்லாம் கொட்டினாள். வயலின்களை வாயடைத்துவிட்டு ஆழமான தந்திகளை மட்டும் துடுப்பாக அசையவிட்டாள். மூச்சு வாங்கும் இடத்துக்குப் பிறகு ஒரே ஒரு குழல். ஒத்திகையில் பியானோவில் வாசித்ததோடு சரி, வாத்தியக் குழுவோடு அதைக் கேட்க அவள் போகவில்லை. முதல் தடவை மாடியில்தான் கேட்க வேண்டும் என்று வைராக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு முதல் காட்சி. நூற்றுப் பதினொரு படியும் ஏறினாள், இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக. பக்கத்து இடத்தில் துல்லியோ. ஓய்வுபெற்ற முடிதிருத்துநர், எர்மெஸின் பால்ய சிநேகிதர், மடியில் தொப்பி.

“நீ அந்தப் படகுக்காரி எழுதின பொண்ணுல்ல?” என்றார். “மனசுல வெச்சுக்காதே. நாங்க எல்லாருக்கும்தான் செய்யறோம்.”

“இன்னிக்கு உங்க சிநேகிதருக்குமா?”

“அவன் என்ன வானத்துலேருந்து குதிச்சானா?”

முதல் அங்கத்தில் மூன்று வணக்கம் விழுந்தது. மூன்றாவதைத் துல்லியோவே சொன்னார். கீழே இரண்டாம் வரிசையில், பெட்டி என்று நாங்கள் சொல்லும் தடுப்பறை ஒன்றில், வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டில் எர்மெஸ் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். வணக்கம் விழும் ஒவ்வொரு தடவையும் அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று, இல்லாத தொப்பியைத் தேடுகிற மாதிரி.

இடைவேளையில் தெல்ஃபீனா கேட்டாள். “சிநேகிதன்னு ஒரு தயவு கிடையாதா?”

“அதான் மூணோட நிறுத்தினோமே,” என்றார் துல்லியோ, வறுத்த கடலையை மென்றுகொண்டே.

இரண்டாம் அங்கம். திரை விலகியது. கோமகள் தனியாக நின்றாள். ஆழத்துத் தந்திகள் அசைந்தன.

முதல் அடி எழுந்ததுமே மாடியில் இருமல் நின்றது. ஓபராவுக்குப் பிறந்தவர்கள் அவர்கள். நல்லது வந்தால் உடம்பு முதலில் தெரிந்துகொள்ளும். முன்வரிசையில் ஒரு தடியர் கைப்பிடிக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தெல்ஃபீனா முன்னால் குனிந்து கேட்டாள். இத்தனை வருஷமும் அலமாரி இருட்டில் கிடந்தது இவ்வளவு அழகா? தன் மேலேயே அவளுக்கு இரக்கம் பொங்கியது.

முதல் அடி முடிந்தது. கோமகள் மூச்சு வாங்கினாள். இதுதான் இடம்.

தெல்ஃபீனா எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அடி. ஒரே ஒரு தடவை. வாத்தியத்தோடு, மனுஷக் குரலில், அதை ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம். பெற்றவளுக்கு அவ்வளவு கூட உரிமை இல்லையா? ஒற்றைக் குழல் தொடங்கியது. கோமகள் வாயைத் திறந்தாள்.

“வாங்க மேஸ்ட்ரோ, சௌக்கியமா?”

துல்லியோ நின்றுகொண்டிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. கண்ணில் நிஜமாகவே நீர். “இது கிழவரோடதுதான்யா! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, முன்னாடி ஒரு தடவை இதே பாட்டுக்குத் தொப்பி எடுத்திருக்கோம்!”

ஞாபகம் சரிதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் எர்மெஸ் சொன்ன தீர்ப்பு அது. மாடியில் ஒரு தடவை சொன்னது சாசனம். ஒன்று, பத்து, நாற்பது தொப்பிகள். சிரிப்பு மாடியிலிருந்து பெட்டிகளுக்கும், பெட்டிகளிலிருந்து பட்டு நாற்காலிகளுக்கும் இறங்கியது. கோமகள் நின்றுவிட்டாள். குழல் இன்னும் நாலு சுரம் தனியாக ஊதிவிட்டு அதுவும் நின்றது.

எர்மெஸ் எழுந்து நின்றார். “இல்லை!” என்று கத்தினார். “மத்ததெல்லாம் எடுத்துக்கங்கடா! அது என்னோடது! அது மட்டும் என்னோடது!”

“எர்மெஸு, ஜன்னலைத் திறக்கட்டுமா?” என்று மாடியிலிருந்து ஒருவன்.

எர்மெஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். அறுபது வருஷம் தான் உட்கார்ந்த பெஞ்சுகளைத் தேடின கண்கள் சிரிக்காத ஒரே முகத்தில் வந்து நின்றன. “தெல்ஃபீனா! அம்மா! நீ சொல்லு. ஒவ்வொரு சுரமும் உன் கை பட்டதுதானே? யாரோடதுன்னு நீ சொல்லும்மா!”

அரங்கம் முழுக்கத் தலையைத் திருப்பியது. சிரிப்பு அடங்கியது. அவள் மடியில் பழைய கட்டு இருந்தது, நாடா அவிழ்க்காமல். என்னுடையது என்று இப்போது சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். பிறகு தேதியைப் பார்த்துவிட்டு நம்பினாலும் நம்புவார்கள். எர்மெஸும் நம்புவார். மன்னிப்புக் கேட்பார். அழுவார். ஊர் இரண்டு பேரையும் பாவம் என்று சொல்லும். அவருடையது என்று சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார். பாட்டும் பிழைத்துக்கொள்ளும், எர்மெஸ் என்ற பெயரில். இரண்டிலும் பாட்டு இருக்கும். இரண்டிலும் அந்தக் கிழட்டு எர்மெஸும் இருப்பான்.

கெட்டுப்போன தொடை என்றானே.

துல்லியோவின் கையிலிருந்து தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்தாள். எழுந்து நின்றாள். மேடையைப் பார்த்து, நிதானமாக, தொப்பியை எடுத்துக் குனிந்தாள்.

“வாங்க மேஸ்ட்ரோ,” என்றாள். “சௌக்கியமா?”

மாடி வெடித்தது. எர்மெஸ் பெட்டி விளிம்பை விட்டார். மெல்லக் கையை மூக்கருகே கொண்டுபோனார், ஊசி ஏதோ அதில் இருப்பதுபோல. பிறகு உட்கார்ந்தார். வாத்தியக் குழுவை நடத்தியவர் பக்கங்களைப் புரட்டி அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டார். விஷக்கோப்பை வருவதற்கு முன்பே பெட்டி காலியாகிவிட்டது.

காட்சி முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. படிகளில் துல்லியோ அவளுடன் சேர்ந்து இறங்கினார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக, சீழ்க்கையடித்துக்கொண்டே. முதல் அடி. துடுப்பு போடுகிற மாதிரி. சுரம் தப்பாமல் அடித்தார்.

“என்ன இருந்தாலும் கிழவர் கிழவர்தான்,” என்றார். “எந்த ஓபராவுல வரும் இது?”

“ஞாபகம் இல்லை.”

மறுபடி அடித்தார். மூச்சு வாங்கும் இடம் வந்ததும் நின்றார். “அதுக்கப்புறம் எப்படிப் போகும்? நீதானே வாத்தியம் பிரிச்சே, உனக்குத் தெரியுமே.”

தெல்ஃபீனா கட்டை அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.

“அவ்வளவுதான்,” என்றாள். “அங்கேயே முடிஞ்சிடும்.”